உள்தாழும் வெளிப்பூட்டும்: கொங்கு வீட்டுக் கதவைப் பற்றிச் சில குறிப்புகள்

'பூட்டை உடைத்து நகை கொள்ளை' என்பது நம் நாளிதழ்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்ட ஒரு வாக்கியம். ஊர்ப் பெயரும் பவுன் கணக்கும்தான் மாறும். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். சம்பவம் நடந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடைந்து கிடப்பது பெரும்பாலும் பூட்டு அல்ல. பூட்டு முழுசாக, வாயைக்கூடத் திறக்காமல், பிடுங்கப்பட்ட கொண்டியோடு சேர்ந்து திண்ணையில் கிடக்கும். பெயர்ந்தது நாதாங்கி, அல்லது அதை மரத்தில் பிடித்திருந்த முக்கால் அங்குல ஆணிகள், அல்லது நிலையின் விளிம்பு. ஆனால் மொழி பழியைப் பூட்டின் மேல்தான் போடுகிறது. பாதுகாப்பு என்றால் பூட்டு என்று எப்போது, யார் நம்மை நம்ப வைத்தார்கள் என்பது ஒரு வரலாற்றுக் கேள்வி. இதைக் கேட்கப் புகுந்தால் கேள்வி தச்சு வேலையோடு நிற்பதில்லை. காவல், சாதி, கூலி, சட்டம் எல்லாம் அந்த வாசல்படிக்கே வந்து நின்றுவிடுகின்றன.

பழைய பிரதிகளில் திருடன் கதவு வழியாக வருவதில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவுக் கள்வர்கள் இருட்டோடு இருட்டாகும் உடை உடுத்து, இடுப்பில் நூலேணி சுற்றி, நிலத்தை அகழும் உளியோடு திரிகிறார்கள். ஏணி மதிலுக்கு, உளி சுவருக்கு. கதவுக்கென்று அவர்களிடம் கருவி ஏதும் இல்லை. வடமொழியில் மிருச்சகடிகம் நாடகத்தில் சர்விலகன் சுவரில் துளையிட நிற்கும்போது, தாமரை வடிவமா, பிறை வடிவமா, குடம் மாதிரியா என்று யோசிக்கிறான். துளை போட்ட பிறகும் உடனே தலையை உள்ளே விடுவதில்லை, முதலில் ஒரு பொம்மை மனிதனை நுழைத்துப் பார்க்கிறான். தமிழில் இதற்குப் பெயர் கன்னம், கருவி கன்னக்கோல். இன்றைக்கும் 'கஜானாவில் கன்னம் வைத்துவிட்டார்கள்' என்று மேடையில் பேசுகிறவர்கள் தாங்கள் சுவரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பதில்லை.

ஏன் சுவர்? காரணம் எளிது. சுவர் மண். ஒன்றரை அடி இரண்டு அடி கனம் இருந்தாலும் மண் மண்தான். நனைத்துவிட்டால் சத்தமில்லாமல் உதிரும். கதவு தேக்கு அல்லது வேங்கை. ஒரே பலகையில் இழைத்த குடுமிக் கதவுக்குக் கீல் கிடையாது, கழற்றுவதற்கு ஆணியும் கிடையாது. மேலும் கீழும் குடுமி நிலையின் குழிக்குள் சுழலும். உள்ளே குறுக்காகப் போடும் கணையமரம் இரண்டு பக்கமும் சுவரின் பொந்துக்குள் போய் உட்காரும். வெளியிலிருந்து நாலு பேர் மோதினாலும் மோதலின் விசை மரத்தின் நீளம் முழுக்கப் பரவிச் சுவருக்குப் போய்விடும். அதாவது வீட்டிலேயே ரொம்ப உறுதியான இடம் அதன் வாசல். நெடுநல்வாடை வர்ணிக்கும் அரண்மனை வாசலைப் பாருங்கள்: இரும்பு கட்டி, அரக்கு பூசி, தாழ் பொருத்திய இரட்டைக் கதவு, திருமகள் உருவம் செதுக்கி, வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய நிலை. இரும்பும் தாழும் மனிதர்களைத் தடுக்க, கடுகும் திருமகளும் மற்றதைத் தடுக்க. அந்த இரண்டாவது வகைக் காப்பு நம் வீட்டு நிலைகளில் இன்னும் மஞ்சள் குங்குமமாக, மாவிலையாக இருக்கிறது. முதலாவதுதான் காணாமல் போய்விட்டது.

இந்த மண்சுவர்க் காலத்தின் தடயம் எதிர்பாராத ஓரிடத்தில் உறைந்து கிடக்கிறது. மெக்காலே குழு 1837இல் வரைவு தந்து, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு, வீட்டை உடைத்துப் புகுதல் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. அதற்கு உதாரணங்களும் கொடுக்கிறது. முதல் உதாரணம் கதவு அல்ல. ஒருவன் சுவரில் துளை போட்டு அதற்குள் கையை விடுகிறான். கதவில் உள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழைத் தூக்குகிறவன், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறக்கிறவன், வாசலில் நிற்கும் ஆளை அடித்துத் தள்ளிவிட்டு நுழைகிறவன் எல்லாம் அப்புறம்தான் வருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 330ஆம் பிரிவிலும் கன்னம் அப்படியே இருக்கிறது. சிமெண்ட் வீட்டுக்காரர்களான நாம் இன்னும் ஒரு மண்வீட்டுச் சட்டத்துக்குள் குடியிருக்கிறோம்.

கன்னம் அடியோடு மறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பெரிய நகைக்கடையில், பின்பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு நகையை வாரிக்கொண்டு போனார்கள். ஷட்டர் இரும்பு, சுவர் செங்கல்; திருடன் மறுபடி சுவருக்குப் போய்விட்டான். ஒரு கட்டிடத்தின் பலவீனமான இடம் எது என்பது இயற்கை கொடுத்த விஷயமல்ல, ஒவ்வொரு காலத்தின் கட்டுமானமும் அதைத் தனக்கென்று தயாரித்துக்கொள்கிறது.

*

கதவு யாருக்கு எதிராக என்ற கேள்விக்கு வருவோம். திருடன் என்ற தன்னிலை ஒரு நாளில் உருவானதல்ல. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களுக்குக் களவு நூல் பற்றி ஒரு வகுப்பே எடுக்கிறான். கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணை உண்டு என்று வரிசையாக விளக்குகிறான். கோவலனைப் பார்த்தால் திருடன் மாதிரி தெரியவில்லையே என்று காவலர்களுக்கே சந்தேகம் வந்தபோதுதான் இந்தப் பாடம் நடக்கிறது. சிலம்பை உண்மையில் திருடியவன் பாடம் எடுக்கிறவன். திருட்டைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறதோ அவனே திருடனைச் சுட்டிக்காட்டும் அதிகாரம் பெறுகிறான், சுட்டப்பட்டவன் செத்துப்போகிறான். அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோவை வாசிக்கும் நம் நண்பர்கள் இந்தக் காதையையும் ஒருதரம் புரட்டலாம்.

ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து அதே பாடம் காவல்துறைக் கையேடாக வந்தது. சென்னை மாகாணக் 'குற்ற வகுப்பார்' பற்றி முல்லாலி 1892இல் போட்ட புத்தகம், 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகள் எல்லாம் எந்தச் சாதி எப்படிச் சுவரைக் குடையும், என்ன கருவி வைத்திருக்கும் என்று படம் வரையாத குறையாகப் பட்டியலிடுகின்றன. 1871இல் வட இந்தியாவுக்குப் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்ட ஆள் ராத்திரியில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இலும் சட்டம் ரத்தானது. நம் பேச்சுக்குத் தேவையான விஷயம் இதுதான்: வீட்டைப் பூட்டுவதற்குப் பதிலாகச் சில மனிதர்களைப் பூட்டிவிட்டால் போதும் என்று ஓர் அரசு எண்ணியது. கதவின் வேலையைக் காவல் நிலையத்தின் ஹாஜர் புத்தகம் செய்யும் என்று நம்பியது.

அப்படிப் பூட்டப்பட்டவர்களில் பலர் அதற்குச் சற்று முந்திய காலத்தில் காவலர்களாக இருந்தவர்கள் என்பது இந்தக் கதையில் மறைக்கப்படும் பக்கம். மதுரை வட்டாரக் கள்ளர்களைப் பற்றி ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1978இல் எழுதிய கட்டுரை இதை நன்றாகவே காட்டியது. ஊர்க்காவல் ஓர் உரிமை. அதற்கு ஊர் கொடுக்கும் பங்கு உண்டு. களவு போனால் காவல்காரர் மீட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது ஈடு கட்ட வேண்டும். மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். திருச்சி, மதுரைப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் பங்களாவுக்குக் கள்ளர் ஒருவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மிரட்டலும் ஒப்பந்தமும் கலந்த ஏற்பாடு இது, புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1896இல் திண்டுக்கல் பக்கம் குடியானவர்கள் 'பண்டு' வசூலித்துக் கள்ளர் காவலை ஒழிக்கக் கிளம்பியதற்கும் காரணங்கள் இருந்தன. ஆனால் 1816இன் கிராமப் போலீஸ் ஒழுங்குமுறை, 1859இன் மாவட்டப் போலீஸ் சட்டம் என்று காவலை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, பழைய காவல்காரனுக்கு மிஞ்சியது குற்றவாளி என்ற பெயர்தான். குறவர்கள் விஷயம் இன்னும் கொடுமை. மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூல் காட்டுவதுபோல், உப்பும் தானியமும் மாட்டின் மேல் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற ஒரு சமூகம், ரயிலும் உப்புச் சட்டமும் காட்டுச் சட்டமும் வந்த பிறகு வேலையற்றுத் திரிகிறவர்களாகிப் 'பிறவித் திருடர்' ஆக்கப்பட்டது. போத்தனூருக்கு 1862இல் ரயில் வந்ததை நாம் முன்னேற்றத்தின் தேதியாக மட்டுமே குறித்து வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்கிறவர்களுக்கு ஒன்று. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ஒரு குறவர் அடித்துக் கொல்லப்பட்டதற்கு மூலம், ஒரு வீட்டில் நகை காணாமல் போன புகார். 2021இல் 'ஜெய் பீம்' படம் அதைச் சொன்னபோது பாதிக்கப்பட்டவரை இருளராக மாற்றிக்கொண்டது. எந்த மாற்றமும் வெறும் கலைத் தேவைக்காக நடப்பதில்லை என்பதால் இதையும் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

*

இனி கொங்குக்கு. இங்கே குடியிருப்பின் வடிவமே வேறு. காவிரிக் கரை ஊர் மாதிரி தெருத்தெருவாக ஒட்டிக் கட்டிய வீடுகள் குறைவு. வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டின இடத்தில் பாடு. பாடு இருக்கிற இடத்தில் வீடு. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு பம்புசெட் பரவ, ஊருக்குள் இருந்தவர்களும் தோட்டத்துக்குக் குடிபோனார்கள். முதலில் ஒரு சாளை, அப்புறம் ஓட்டு வில்லை வீடு, வசதி வந்தால் ஆசாரம் வைத்த தொட்டிக்கட்டு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. நடுவில் கிளுவை வேலியும் இட்டேறியும்தான். திருட வருகிறவனுக்கு இதைவிடத் தோதான நிலப்பரப்பு வேண்டுமா?

ஆனால் அந்த வீடுகளின் வாசலை நினைவிருக்கிறவர்கள் சொல்லட்டும், பகலில் அது பூட்டிக் கிடந்ததே கிடையாது. 'தொறப்புக்குச்சி எங்க?' என்ற கேள்வி பெட்டிக்கும் உள்ரூமுக்கும்தான். பெட்டிச் சாவி மாமியார் மடியிலிருந்து மருமகள் மடிக்கு எப்போது மாறுகிறது என்பதில் ஒரு குடும்ப அரசியலே நடக்கும். தலைவாசலுக்கு ராத்திரி உள்தாழ், அவ்வளவுதான். இதை வைத்து 'அந்தக் காலத்தில் திருட்டே இல்லை, ஜனங்கள் யோக்கியர்கள்' என்று ஒரு கதையாடல் நம் பெரியவர்களிடம் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. திருட்டு இல்லாமலா 'கன்னம்' என்ற சொல் மிஞ்சியது? பழைய நிலைவாசல் குட்டையாக இருப்பது வருகிறவன் தலைகுனிந்து மரியாதையாக நுழைவதற்கு என்பதும் இதே ரகம். குனிந்து நுழைகிறவன் தலை முதலில் வரும். உள்ளே உலக்கையோடு நிற்கிறவருக்கு அது வசதி. மரியாதை பிற்பாடு சேர்த்துக்கொண்ட பொழிப்புரை.

வாசல் பூட்டாமல் இருந்ததற்குக் காரணம் வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது. யார் அந்த ஆள்? பாட்டன், பாட்டி, குழந்தை பெற்ற மகள், நாய் என்று சொல்லிக்கொண்டே போய் முக்கியமான ஒருவரை விட்டுவிடுவோம். கட்டுத்தரையில் மாட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்த மாதாரி, பண்ணையாள். வருஷக் கூலிக்கு, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர். பட்டியில் ஆட்டுக்குக் காவல் படுத்த அவர் மகன், பத்து வயசுப் பையன். நாய் குரைத்தால் முதலில் எழுந்திருக்க வேண்டியது அவர்கள். திருடன் கையில் தடி இருந்தால் முதல் அடி விழுவதும் அவர்களுக்கு. ஆனால் ஆசாரத்துக்குள் அவர்கள் காலெடுத்து வைக்க முடியாது. தான் நுழையக்கூடாத வீட்டுக்குக் காவல் இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் சொந்தக் குடிசைக்கோ கதவே இல்லை, ஒரு தட்டி. படல் வைத்துச் சாத்தினால் வீடு சாத்தியாயிற்று. பூட்டி வைக்க ஒன்றும் இல்லை என்பது ஒரு பக்கம். தோட்டத்துக்காரர் கூப்பிடும்போது திறந்தே இருக்க வேண்டிய வீடு அது என்பது மறுபக்கம்.

எனவே கொங்கு வீட்டின் கதவு இரண்டு பேரைத் தடுத்தது. ராத்திரியில் கள்வனை, எப்போதும் காவல்காரனை. முதல் தடையைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தாழ்ப்பாளே தேவைப்படாமல், கதவு விரியத் திறந்திருக்கும்போதே இயங்கிய இரண்டாவது தடைதான் முதலாவதைச் சாத்தியமாக்கியது.

1980களின் தொடக்கத்திலிருந்து கோயமுத்தூர் மாவட்டக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆய்வு செய்த ஜூடித் ஹேயர், பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது என்பதை எழுதியிருக்கிறார். திருப்பூர் பனியன், விசைத்தறி, பஸ் வசதி, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம் சேர்ந்து ஆட்களைத் தோட்டத்திலிருந்து வெளியே இழுத்தன. அவர்கள் போனது நியாயம். இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் 'ஆளே கெடைக்கறதில்லீங்' என்று தோட்டத்துக்காரர் சலித்துக்கொள்ளும்போது, களை எடுக்க ஆள் இல்லை என்பதோடு வேறொன்றையும் சொல்கிறார். ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து பார்க்க ஆள் இல்லை. கூலியே கொடுக்காமல் கிடைத்துக்கொண்டிருந்த காவல் அது. அது நின்ற பிறகுதான் கிரில் கேட்டும் பூட்டும் தோட்டத்துக்கு வருகின்றன. இந்தப் பக்கத்து வீடுகளின் பாதுகாப்புச் செலவு என்று யாராவது கணக்குப் போட்டால் இந்தப் பழைய பாக்கியையும் எழுத வேண்டியிருக்கும்.

*

இந்த இடத்தில்தான் வெளிப்பூட்டு நுழைகிறது. உள்தாழுக்கும் வெளிப்பூட்டுக்கும் உள்ள வேறுபாடு கருவி வேறுபாடு மட்டுமல்ல. உள்தாழ் வீட்டில் ஆள் இருப்பதை அனுமானிக்கிறது. வெளிப்பூட்டு ஆள் இல்லாததை அனுமானிக்கிறது. மில் ஷிஃப்ட், ஆபீஸ் வேலை, சினிமா, கணவன் மனைவி இருவரும் சம்பளத்துக்குப் போகும் சிறு குடும்பம் இதெல்லாம் வந்த பிறகுதான் தலைவாசலில் வெளிப்பக்கம் கொண்டியும் பூட்டும் தேவைப்படுகின்றன. கோயமுத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்குகிறது. 1930களில் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வருகிறது. மண்சுவர் செங்கலாகி, செங்கல் மேல் சிமெண்ட் பூசப்பட்டபோது கன்னக்கோலுக்கு வேலை போயிற்று. ஓட்டைப் பிரித்து இறங்குவதும் ஒட்டு வீடு கான்கிரீட் ஆனதும் குறைந்தது. சுவரும் கூரையும் கெட்டிப்பட்ட வீட்டில் மெலிந்து நிற்பது வாசல். திருடன், வரலாற்றில் முதன்முறையாக என்றுகூடச் சொல்லலாம், மரியாதையாகத் தலைவாசலுக்கு வருகிறான்.

பூட்டுக்கு நம் பக்கத்தில் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு என்றாலே தெரியும். சங்கரலிங்க ஆச்சாரி வழியாக அங்கே தொழில் வேர்பிடித்தது என்பார்கள். 1957இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒவ்வொன்றும் கையால் அராவிச் செய்வது. ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கள்ளச் சாவி விட்டால் மாட்டிக்கொள்ளும் தினுசெல்லாம் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வழக்கம்போல, அலிகாரின் மலிவான மெஷின் பூட்டு சந்தையைப் பிடித்துத் தொழில் நொடித்த பிறகு கிடைத்த கௌரவம். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பூட்டுத் தயாரிப்பில் இறங்கியதும், 1954இல் ஒன்பது நெம்புகோல் வைத்த 'நவ்தால்' வந்ததும் தனிக் கதை.

இந்தப் பூட்டுக்காரர்கள் எல்லோரும் யாரை மனதில் வைத்துப் பூட்டுச் செய்தார்கள்? கள்ளச் சாவிக்காரனை, காதை வைத்துக் கேட்டுக் கம்பியால் நெம்பித் திறக்கும் கெட்டிக்காரனை. லண்டனில் 1851 பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று கடை ஜன்னலில் சவால் விட்டு வைத்திருந்த பிராமா பூட்டை இரண்டு வாரத்துக்கு மேல் தினம் வந்து உட்கார்ந்து, மொத்தம் ஐம்பது மணி நேரம்போல வேலை செய்து திறந்தார். பத்திரிகைகள் அமளிப்பட்டன. அந்தப் பதற்றத்திலிருந்தே நவீனப் பூட்டின் அறிதல்முறை பிறக்கிறது: பாதுகாப்பு என்பது புத்திக்கும் புத்திக்கும் நடக்கும் சண்டை. நம் ஊரில் கடப்பாரையோடு வருகிறவனுக்கு ஐம்பது மணி நேரம் இல்லை, ஐந்து நிமிஷம்தான். அவன் பூட்டோடு வாதம் செய்வதில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு. ஒன்பது நெம்புகோல் உள்ளே அப்படியே இருக்க, நிலையின் மரம் பிளந்துகொள்ளும்.

கணையமரத்தோடு ஒப்பிட்டால் நஷ்டம் புரியும். அங்கே விசை சுவருக்குப் போனது. இங்கே நிலையில் அரை அங்குல ஆழத்துக்குத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்திலும், அதன் மேல் அடித்த தகட்டின் இரண்டு சின்னத் திருகாணிகளிலும் மொத்த வீடும் தொங்குகிறது. பூட்டுக்கு ஐயாயிரம் கொடுக்கிறவர்கள் ஆணிக்கு ஐந்து ரூபாய் கொடுக்க யோசிக்கிறார்கள். அனுபவப்பட்ட ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். தகட்டுக்கும் கீலுக்கும் மூன்று அங்குல, நாலு அங்குலத் திருகாணி போட்டு மரத்தைத் தாண்டிச் சுவரில் கடிக்க விடணும். நிலைக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட் வைத்துக் கலவை போட்டுக் கெட்டிக்கணும். வெளிப்பக்கம் திறக்கிற கதவென்றால் கீல் ஆணி வெளியே தெரியும், அதைத் தட்டிக் கழற்றாதபடி கீல் பக்கம் ஒரு குமிழ் வைக்கணும். உள்ளே மேலும் கீழும் தாழ் வேணும், நடுவில் ஒன்று மட்டும் போதாது. கதவை ஒட்டிக் கண்ணாடி வைக்கவே கூடாது, கண்ணாடியை உடைத்துக் கையை விட்டால் தாழ் கைக்கு வந்துவிடும். கடைசியாகச் சொன்னது, தண்டனைச் சட்டத்தின் முதல் உதாரணத்தில் சுவரில் துளைபோட்டுக் கையை விட்ட அதே ஆள்தான். பிளஷ் கதவு விஷயத்தில் இன்னும் மோசம். உள்ளே சக்கைக் கட்டை, மேலே தேக்கு மாதிரி ஒட்டிய தோல். தேக்கின் பிரதிபிம்பம் மட்டும் வாசலில் நிற்கிறது. அசல் தேக்கு நிலையும் கதவும் கணையமும், இடித்த வீடுகளிலிருந்து விலைபேசப்பட்டு, எங்கோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் யாரையும் தடுக்காமல் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

வெளியே தொங்கும் பூட்டு இன்னொன்றும் செய்கிறது. வீட்டில் ஆளில்லை என்று நோட்டீஸ் ஒட்டுகிறது. 'பூட்டிய வீடு' என்பது போலீஸ் பாஷையில் தனி இனம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அறிவிப்பு வரும். பூட்டு இருப்பதனாலேயே அந்த வீட்டுக்குக் காவல் தேவைப்படுகிறது.

*

கதவை உடைப்பது எப்போதும் குற்றமாகக் கருதப்படுவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, கைது செய்யப்பட வேண்டியவர் உள்ளே இருந்தால், தான் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக் கேட்டும் திறக்காவிட்டால், வெளிக்கதவு உள்கதவு எதையும் உடைத்து நுழையப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. வெளியே வராத வழக்கமுள்ள பெண்கள் இருந்தால் அவர்கள் விலக அவகாசம் தர வேண்டும் என்று ஒரு நாசூக்கும் சேர்த்திருந்தது. 2024 முதல் இது புதிய சட்டத்தில் 44ஆம் பிரிவு. நாசூக்கு யாருக்கு என்பதுதான் கேள்வி. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது, 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம். திருட்டு, கொள்ளை என்று நாம் வகுத்து வைத்திருக்கும் எந்த அட்டவணையிலும் வாச்சாத்தியின் கதவுகள் வருவதில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கதவுகள் என்பதாலா?

சமவெளிக்குத் திரும்பினால், அச்சம் உண்மையானதுதான். 1990களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருஷம் நெடுஞ்சாலையோர வீடுகளைக் குறிவைத்த வடநாட்டுக் கும்பல், 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே.சுதர்சனத்தைத் தானாக்குளத்தில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது. தனிப்படை போய்ப் பிடித்தது. 2017இல் 'தீரன் அதிகாரம் ஒன்று' அதைப் படமாக்கியபோது குற்றத்தோடு ஒரு சாதியின் பெயரும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. முல்லாலியின் பக்கங்களுக்கும் அந்தத் திரைக்கும் தூரம் அதிகமில்லை.

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் பெற்றோரும் மகனுமாக மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியே இருந்த முதிய தம்பதி. நகைக்காக என்று செய்தி. 2025க்குள்ளேயே ஒரு பவுன் எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், கழுத்திலிருக்கும் ஐந்து பவுன் என்பது ஒரு சின்ன வங்கி. மகன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. மகள் கட்டிக்கொடுத்த ஊரில். தோட்டத்தில் எழுபது எழுபத்தைந்து வயசில் இரண்டு பேர். உள்தாழ் காலத்துக்கும் வெளிப்பூட்டுக் காலத்துக்கும் பொருந்தாத மூன்றாவது நிலை இது: வீட்டில் ஆள் இருக்கிறார், ஆனால் எழுந்து தடுக்கும் ஆள் இல்லை. கதவை எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் கக்கூஸ் பொடக்காணியில், மாடு கட்டுத்தரையில், மோட்டார் சுவிட்ச் கிணற்று மேட்டில். ராத்திரி மூன்று முனைக் கரண்ட் வந்தால் கதவைத் திறந்துகொண்டு போகத்தான் வேண்டும். வெளியே இருக்கிறவன் கதவை உடைக்க வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

சம்பவங்களுக்குப் பிறகு ரோந்து, கேமரா, துப்பாக்கி லைசென்ஸ் கோரிக்கை எல்லாம் வந்தன. திண்ணையை முழுசாகக் கிரில் அடித்து, கக்கூஸையும் அதற்குள் இழுத்துக் கட்டுகிறவர்கள் ஓரளவு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். ஏனென்றால் அது ராத்திரியில் வெளியே வர வேண்டிய அவசியத்தைக் குறைக்கிறது. பழைய சாளைகளில் இப்போது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் தங்கித் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது, கோழிப்பண்ணை பார்க்கிறது. நாய் குரைத்தால் எழுந்து டார்ச் அடிப்பது இவர்கள். பக்கத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் ஆதார் நகலோடு முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்படுவதும் இவர்கள்தான். சாளைக்குத் தகரக் கதவு, உள்ளே ஒரு கொக்கி. வெளியே பூட்டுப் போடத் துளை இருக்கிறது, சாவி தோட்டத்துக்காரரிடம்.